பேட்டரிக்குள் காட்டிய தீக்குச்சி

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருடம், மச்சானின் பழைய வேன் பேட்டரிக்கு வீட்டிலேயே சார்ஜ் ஏற்றினேன். கொட்டகை இருட்டில், உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று தெரியவில்லை. மூடியைத் திருகி எடுத்துத் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினேன். ஹைட்ரஜன் தீப்பட்டால் வெடிக்கும் என்று பரீட்சையில் எழுதியவன்தான். சார்ஜ் ஏறும்போது கிளம்புவதும் அதுதான் என்று தோன்றவில்லை. பேட்டரி வெடித்து, ஆசிட் கண்ணில் தெறித்தது.

தெருவில் குடத்தோடு போன ஒரு பெண் ஓடி வந்தாள். "கண்ணத் தொறடா, பேமானி! மூடாத!" என்று கத்திக்கொண்டே குடத்தை என் முகத்தில் கவிழ்த்தாள்.

"ஐயோ, ரெண்டு மைல் நடந்து கொண்டாந்த நல்ல தண்ணியாச்சே!" என்றாள் என் அக்கா.

"கண்ணு பூட்டா, தண்ணிய வச்சிக்கினு இன்னா பண்றது?"

கண் பிழைத்தது. அவள் வெறும் குடத்தோடு வந்த வழியே திரும்பி நடந்தாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்று அதற்குப் பிறகு யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.