சிமியோன் களைத்த இடம்

குருநகர் லூர்த்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. நண்டுச் சதை பிரிக்கும் கம்பனியில் வேலை. அவளைக் கேட்காமலே யாரோ அவளை நாலு சிறுமிகளாக்கிவிட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவளிடம் கணவனின் தம்பி கொலின்ஸ் கைபேசியை நீட்டினான். ரொறன்ரோவில் செய்த புதுப்பாட்டு, இலட்சக்கணக்கானோர் கேட்கிறார்களாம். அதன் நடுவில் வரும் கோரஸ், தொண்ணூற்று மூன்றில் இதே வீட்டில் அவன் பதிந்து, ஊராருக்குப் பிரதியெடுத்துக் கொடுத்த கசெற்றிலிருந்து வெட்டி எடுத்தது. கீழே எழுதியிருந்தது: "யாழ்ப்பாணச் சிறுமியர் நால்வர். பெயர் தெரியாது."

"மச்சாள், இது நீங்கள்தான்."

"உனக்கென்ன விசரே? சின்னப் பிள்ளையளின்ரை குரலடா இது."

பாடியது அவளுக்கு நினைவிருந்தது. குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். ரோச் லைற் பற்றரிக்குக்கூட அஞ்சித் தடை போட்டிருந்தது அரசாங்கம். ரேடியோ திருத்தும் கொலின்ஸிடம் இரண்டு ரேப் ரெக்கோடர்கள் இருந்தன. ஒன்றில் அவள் பாடியதைப் பதிந்தான். அதை ஓடவிட்டு, அவளைக் கூடவே பாடச் சொல்லி, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிந்தான். இப்படி நாலு தரம். ஒரு குரலின் மேல் அதே குரலை அடுக்கும் வித்தையை மேல்நாட்டில் முதலில் செய்தவர்களைப் பற்றிக் கனத்த புத்தகங்கள் இருக்கின்றன. கொலின்ஸிடம் மின்சாரத்துக்கு இருந்ததோ, ஸ்ராண்டில் ஏற்றிய சைக்கிள், பின்சில்லில் இரண்டு டைனமோ, மிதிக்க அண்ணன் சிமியோன்.

இது மச்சாளின் குரல் என்று கொலின்ஸ் எழுதிப் போட்டதும் பாட்டைச் செய்த துஷாந்தினி வீடியோவில் அழைத்தாள்.

"பேர் போட எங்களுக்குச் சந்தோசம், அன்ரி. ஒருக்கால் பாடிக் காட்டுங்கோ."

லூர்த்தம்மா பாடினாள். தடித்த, கனத்த குரல்.

"நல்லாய்ப் பாடுறியள். ஆனால் இது அந்தக் குரலில்லையே. புதன்கிழமை பாடினாக்களின்ரை பேரெல்லாத்தையும் பதிஞ்சிடுவம். அதுக்குள்ளை ஏதாவது ஆதாரம் இருந்தால் அனுப்புங்கோ."

பெயர் உள்ளவர்களைப் பெயர் தெரியாதவர்களாக்க ஒரு வரி போதும். பெயரைத் திரும்பப் பெறத்தான் ஆதாரம் கேட்கிறார்கள்.

அடுத்த நாள் கம்பனியில் நண்டு உடைக்கும்போதும் அவளுக்கு அதே குழப்பம். அண்டைக்கு வேறு பிள்ளைகளும் வந்து பாடினார்களோ? தான் பாடியது வேறு பாட்டோ? வீட்டுக்கு வந்ததும் சிமியோனைக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் பாடினனானே இல்லையே?"

"நீ பாடினது எனக்கு ஞாபகமில்லை. என்ரை முழங்கால் நொந்தது நல்லாய் ஞாபகமிருக்கு. கடைசியிலை உழக்கேலாமல் போட்டுது."

பக்கத்தில் இருந்த கொலின்ஸ் துள்ளி எழுந்தான்.

"கடைசியிலை மெல்ல உழக்கினீங்களே, அண்ணை?"

"முதலிலையிருந்தே மெல்லத்தான். கடைசியிலை செத்த பாம்பு மாதிரி உழக்கினன்."

மெல்ல உழக்கினால் ரேப்பும் மெல்லச் சுற்றும். மெல்லப் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் பாட்டு விரையும், குரல் மெலிந்து உயரும். எவ்வளவு களைப்போ அவ்வளவு உயரம். இத்தனை வருடமும் மின்சாரத்தில் மட்டும் அதைக் கேட்ட கொலின்ஸுக்கு இந்தச் சின்னக் கணக்கு ஓடவில்லை.

பழைய கசெற்றைத் தேடி எடுத்து, சைக்கிளில் டைனமோவைப் பூட்டி, இந்தமுறை கொலின்ஸே ஏறி மிதித்தான். வேகமாக மிதித்தபோது சிறுமிகள் பாடினார்கள். வேகம் குறையக் குறைய அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். லூர்த்தம்மா ரேப் பெட்டிக்குக் கிட்டக் குந்தினாள்.

"இன்னும் மெல்ல... இன்னும் மெல்லடா!"

அவள் வந்துவிட்டாள், நாலு பேராக. கடைசி அடியில் குரல் மறுபடி மெலிய, கொலின்ஸ் இன்னும் மெல்ல மிதித்தான், குரல் அவளுடையதாகவே நின்றது. அதைக் கைபேசியில் பிடித்து அனுப்பினார்கள்.

துஷாந்தினி உடனே அழைத்தாள்.

"நீங்கள்தான் அன்ரி! கடைசியிலை சுருதி ஏறுதே, அதைத்தான் எல்லாரும் புகழுகினம். எப்பிடி யோசிச்சு ஏத்தினனீங்கள்?"

"நான் எங்கை ஏத்தினனான், பிள்ளை? மனுசனுக்குக் களைச்சுப்போச்சு."

புதன்கிழமை பாட்டின் கீழே அவள் பெயரும், பதிவு செய்தவனாகக் கொலின்ஸின் பெயரும் வந்தன. அவள் பாட்டைப் போட்டாள். பெயர் அவளுடையது, பாடியதோ இன்னும் அந்தச் சிறுமிகள்தான். பெயரைப் பார்த்தாள், குரலைக் கேட்டாள், மறுபடி பெயரைப் பார்த்தாள்.

சிமியோன் எட்டிப் பார்த்தான். "என்ரை பேர் எங்கை?"

"களைச்சவர் சிமியோன் எண்டு போடச் சொல்லட்டே?"

"ஓம், சொல்லு," என்றான் அவன், முழங்காலைத் தடவிக்கொண்டு.