வெள்ளைப் புழு டப்பா

என் சித்தி ஒன்பது வருடமாக வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையில் வேலை செய்கிறாள். பல்லி, ஓணான், ஆமை இருக்கும் பின்னறை அவள் பொறுப்பு. அவற்றுக்கு இரையாகும் மஞ்சள் புழுக்கள் தவிட்டுத் தட்டில் நெளியும். புழுவின் வயிறு நிறைந்திருந்தால்தான் பல்லிக்குச் சத்து என்று, தினமும் மாலை வீட்டிலேயே கேரட் சீவி எடுத்துவைப்பாள். சித்தப்பாவுக்குத் தட்டு வைப்பதில் இந்தக் கவனத்தில் பாதிகூட இருக்காது. அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

கடையில் முதலாளியின் சொந்தப் பல்லி ஒன்று உண்டு. உடம்பெல்லாம் புள்ளி, பருத்த வால். பெயர் பட்டத்தரசி. சித்தியின் இடுக்கியைத் தவிர வேறு யார் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைச் சொல்லும்போது சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் கண்ணாடி போட்ட பெண்ணொருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். நான்காம் நாளே வெறும் உள்ளங்கையில் புழுவை வைத்துக் காட்டினாள். பட்டத்தரசி கையில் ஏறித் தின்றது.

"அக்கா, இங்க பாருங்களேன்! கூசுது!"

"பசியா இருந்திருக்கும்," என்றாள் சித்தி.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "உள்ளங்கையாம்! ஒன்பது வருஷமா நான் என்ன காலாலயா ஊட்டினேன்?"

"ஒரு பல்லிக்காகச் சக்களத்திச் சண்டையா?" என்றார் சித்தப்பா.

கடையின் குளிர்ப்பெட்டியில் வேறொரு டப்பா இருந்தது. தேன்கூட்டு மெழுகைத் தின்று கொழுத்த வெள்ளைப் புழுக்கள். மூடியில் சித்தியே எழுதி ஒட்டியிருந்தாள்: 'இளைத்ததுக்கு மட்டும். வாரம் ஒன்று.' மறுநாளிலிருந்து பட்டத்தரசிக்கு யாருக்கும் தெரியாமல் தினம் மூன்று கொடுத்தாள். மூன்றே நாளில் அது சித்தியின் செருப்புச் சத்தத்துக்கே தொட்டியின் கண்ணாடிச் சுவரருகே ஓடிவந்தது. அந்தப் பெண்ணின் உள்ளங்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அதுக்கு ஆள் தெரியும்மா," என்றாள் சித்தி.

பத்தாம் நாள் டப்பா காலி. சித்தி மஞ்சள் புழுவை நீட்டினாள். பட்டத்தரசி திரும்பிப் படுத்தது. ஒரு வாரமாகியும் அது வாயைத் திறக்கவில்லை.

"உன் கையாலயே சாப்பிடலைன்னா டாக்டர்தான்," என்றார் முதலாளி.

அவர் நகர்ந்ததும் அந்தப் பெண் காலி டப்பாவை எடுத்தாள். மூடியைப் படித்தாள். சித்தியை ஒருமுறை பார்த்துவிட்டு டப்பாவைக் குப்பையில் போட்டாள். காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள் சித்தி, பிறகு என்னிடம்.

"அக்கா, மஞ்சள் புழு தோலுரிச்சதும் வெள்ளையா, மெத்துன்னு இருக்கும்னு சொன்னீங்களே. அதைக் கொடுத்துப் பாக்கலாமா?"

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று சித்தி சொல்லிக்கொடுத்த பாடம். சித்தி தவிட்டைக் கிளறி அப்படி நான்கு பொறுக்கினாள். இடுக்கியில் நீட்டினாள். பல்லி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தாள். பட்டத்தரசி மெதுவாக ஏறியது. நக்கிப் பார்த்தது. தின்றது.

அன்று மாலை சித்தி கேரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுச்சா?" என்றார் சித்தப்பா.

"சாப்பிட்டுச்சு."

"யார் கையால?"

சித்தி அடுத்த கேரட்டை எடுத்து, முன்னைவிடச் சத்தமாகச் சீவத் தொடங்கினாள்.