அத்துமீறிய சப்பாத்து

நனைந்த சப்பாத்துகளின் மணம்... புலம்பெயர்ந்து வந்து தோர்ண்டன் ஹீத்தில் நான் முதன்முதலாக வாடகைக்கு இருந்த வீட்டை நினைத்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

மாடியில் நான்கு அறை, நான்கு பேர். வீட்டுக்காரர் குமாரசாமி அண்ணை கீழே இருந்தார். யாழ்ப்பாணத்தில் காணி அளந்தவர். எல்லோரும் சமைக்கும் குசினிக் கதவில் கைப்பட எழுதி ஒட்டியிருந்தார்:

"ஓர் அறைக்கு ஒருவர் மட்டும். அத்துமீறுவோர் வெளியேற்றப்படுவர்."

வந்த அன்றே எனக்கு விளக்கமும் கிடைத்தது. "அத்து எண்டால் எல்லை, பிள்ளை. ஹத் எண்ட அரபுச் சொல்லு, எங்கட வாயில அத்து ஆகிப் போச்சு. அடுத்தவன்ர காணிக்குள்ள கால் வைச்சாலும் அத்துமீறல்தான், இந்தத் தாளைத் தாண்டினாலும் அத்துமீறல்தான்."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

மூன்றாம் மாதமே மீறினேன். பெண்கள் பள்ளியில் என்னோடு படித்த தோழி சுபா ஜெர்மனியிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. யாருக்கும் தெரியாமல் மாடிக்கு ஏற்றிவிட்டேன். பிடிபட்டால் இரண்டு பேரும் தெருவில்தான்... தெரிந்தும், அவளை எப்படிப் போ என்பது?

இரண்டு நாள் இருமலைக்கூடத் தலையணைக்குள் அமுக்கினோம். இத்தனை கெட்டித்தனத்திலும் ஒன்றை மறந்துவிட்டோம். வந்த அன்றே சுபா பழக்கதோஷத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றி, மற்றவர்களுடையதோடு வரிசையாக வைத்திருந்தாள்!

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் அண்ணை. கையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி.

"வாசல்ல ஒரு சோடி கூட இருக்குது," என்றார்.

"அண்ணை... நாளைக்கே அவள் போயிடுவாள்..." என்றேன்.

"இந்தக் குளிருக்க எங்க போறது? முதல்ல ரெண்டு பேரும் இதைக் குடியுங்கோ."

குசினிக்கு வந்து பார்த்தால், தாளில் 'ஒருவர்' வெட்டுப்பட்டு 'இருவர்' ஆகியிருந்தது.

"எல்லைக்கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கிறன்," என்றார் அண்ணை, சிரிக்காமல். "ஊரில ஒருநாளும் செய்யாத வேலை."

இப்போது மோர்டனில் எனக்குச் சொந்த வீடு. மாடி அறையில் படிக்க வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். விதிகள் ஏஜென்ட் டைப் செய்து தந்த அக்ரிமென்டில், ஏழு பக்கம். கைப்பட எழுதிய வரியும் இல்லை, விளக்கமும் இல்லை. அண்ணையும் இல்லை.

போன கிழமை வாசலில் புதிதாக ஒரு சோடி சப்பாத்து, மழையில் நனைந்தபடி.

அக்ரிமென்டைத் தேடி மேசை லாச்சியைத் திறந்தேன். மூடினேன். கேத்திலைப் போட்டு, இரண்டு கோப்பையோடு மாடி ஏறினேன்.