யப்பான் அண்ணை

எண்ணெய் காயும்வரைக்கும் குலசேகரம் வாய் திறக்கமாட்டார். ரோல்ஸ் தட்டு இடப்பக்கம், வடை மாவு வலப்பக்கம், நடுவில் அவர், கண்ணை மூடிக்கொண்டு. மிளகாய்த்தூள் டின்களுக்கு நடுவே செருகியிருக்கும் பாட்டுப் பெட்டியிலிருந்து ஐந்து யப்பான்காரர்கள் வாத்தியம் ஒன்றும் இல்லாமல் வாயாலேயே பாடிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் அடித்தொண்டையில் உறுமுவான். ஒருவன் உதட்டாலும் நாக்காலும் தாளம் போடுவான். மற்ற மூன்று பேரும் குரலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். அப்போது குலசேகரத்தின் வலது கை தானாக உயரும். கடைக்குள் நிற்பவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் கதையை நிறுத்திவிட வேண்டும்.

"கேளுங்கோ... இந்தா வருது... 'அண்ணா நீ'! கேட்டதே? யப்பான்காரன் எங்களை அண்ணா எண்டு கூப்பிடுறான்!"

அதற்குப் பிறகுதான் முதல் ரோல்ஸ் எண்ணெய்க்குள் இறங்கும்.

பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் குலசேகரம் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். யப்பான் அண்ணை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கடைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இந்தத் தெருவில் பெயர் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நகைக்கடைக்காரர் தங்கத்தால் எடுக்க வேண்டும், சேலைக்கடைக்காரர் பட்டால் எடுக்க வேண்டும். யப்பான் பாட்டால் பெயர் எடுத்தவர் இவர் ஒருவர்தான். இனி ஒருவர் வரப்போவதும் இல்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பாரிசுக்கு வந்து கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, கடைசியில் ஒப்பெரா பக்கம் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக ஏறினார். அந்தக் கடையின் முதலாளி சீனாக்காரர். அடுப்படியில் நின்றவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். யப்பான் இருந்தது பெயர்ப்பலகையிலும் சுவரில் தொங்கிய விசிறியிலும் மட்டும்தான். ஆனால் அவரிடம் கேட்டால் கதை வேறு.

"பாரிசில என்னைப்போல மீன் சீவினவன் ஒருத்தனும் இல்லை. பேப்பர் மாதிரிச் சீவுவன். ஒருநாள் உண்மையான யப்பான்காரன் ஒருத்தன் வந்து திண்டுபோட்டு, சமைச்ச ஆளைக் கூப்பிடு எண்டான். நான் போய் நிண்டன். என்னைக் கண்டதும் ஆளுக்குத் திறந்த வாய் மூடேல்லை!"

2010ஆம் ஆண்டு அந்தக் கடையை மூடினார்கள். மற்றவர்கள் கத்தி, கிண்ணம் என்று கையில் அகப்பட்டதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். குலசேகரம் அங்கே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு சீடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் அவருடைய சொந்தக் கடையில் அதே சீடி ஓடியது.

பாடும் குழுவுக்கு யூநாகி என்று பெயர். முதலில் அவர் அதை உனாகி என்று நினைத்துவிட்டார். உனாகி என்றால் விலாங்கு மீன், அவர் தினமும் சீவிய மீன். "விலாங்கு எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள், ஏனெண்டால் குரல் வழுக்கிக்கொண்டு போகும்" என்று லா சப்பல் முழுக்க விளக்கம் சொல்லி முடித்த பிறகுதான், யூநாகி என்றால் அந்தியில் காற்று அடங்கும் நேரம் என்று தெரியவந்தது. சொன்னவள் நிரோஜினி. எதிர்ப்பக்கத்து டெலிபோன் கடையில் வேலை செய்கிற, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். கார்ட்டூன் பார்த்துப் பார்த்து யப்பான் மொழியில் பைத்தியமாகி, வகுப்புக்குப் போய்ப் படித்தவள். அவள் அதைச் சொன்னதற்காகக் குலசேகரம் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அதுதானே நானும் சொன்னனான், காத்தும் வழுக்கிக்கொண்டுதானே போகுது?" என்றார்.

ஐந்து பாடகர்களுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். அடித்தொண்டைக்காரன் 'உறுமி'. உச்சத்தில் பாடுகிறவன் 'கீச்சான்'. நடுவில் நிற்கும் இருவரும் 'இரட்டையர்'. வாயால் தாளம் போடுகிறவன் 'தவில்'. இந்தத் தவில்தான் அவருடைய செல்லம். 'அண்ணா நீ' என்று தனியாகக் குரல் கொடுப்பவனும் அவன்தான். தாளத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு, மூச்சை உள்ளே இழுத்து, அந்த ஒரு சொல்லை மெதுவாக விடுவான். மூச்சு இழுக்கிற சத்தம்கூடச் சீடியில் கேட்கும்.

2015 மாரிக்குளிரில் யூநாகியின் புது அல்பம் வந்தது. நிரோஜினி வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தாள். லூசியன் ஏற்கனவே வந்து, தன் வழக்கமான மூலையில் வடையும் பால்தேத்தண்ணியுமாக உட்கார்ந்திருந்தார். லூசியன் புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் கட்டைக்குரல். யூநாகியைக் கேட்கவைத்து அவரை ரசிகராக்கியதும் குலசேகரம்தான். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

சீடி சுழன்றது. பாட்டு வரவில்லை, இடி வந்தது. மிசின் தாளம். அதற்குப் பின்னால் வயலின், அதற்கும் பின்னால் என்னவோ மின்சாரச் சத்தம். பழைய மூன்றாவது பாட்டை இதில் புதிதாகப் பாடியிருந்தார்கள். குலசேகரம் கண்ணை மூடி, கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். ஸ்டாலின்கிராட் நிலையத்தில் நிற்காமல் போகும் மெத்ரோ ரயில் மாதிரி அந்த இடம் வந்த வேகத்தில் போய்விட்டது. கை பாதியில் நின்றது.

"எங்கை 'அண்ணா நீ'? விழுங்கிப்போட்டாங்கள்!"

"யாரும் எதையும் முழுங்கல, முசியே குலசேகரம்" என்றார் லூசியன். "இப்பதான் ஒழுங்கா பாடறாங்க. முன்னாடி ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப குரல் எல்லாம் போய் அதது எடத்துல உக்காந்திருக்கு. நானும் கோயில்ல வருஷக்கணக்கா பாடறவன், எனக்குத் தெரியாதா?"

"மிசின் தாளம் போட்டால் கழுதையும் எடத்தில உக்காந்து பாடும்! தவிலை என்ன செய்தவங்கள்? ஆளை வீட்டை அனுப்பிப்போட்டாங்களோ?"

"மே நோன், அப்பிடி இல்லை மாமா. அவரும் இப்ப மற்றவையளோட சேர்ந்து பாடுறார்" என்றாள் நிரோஜினி. டெலிபோனைத் தட்டி, மற்ற ரசிகர்கள் எழுதியிருந்ததைத் தமிழாக்கி வாசிக்கத் தொடங்கினாள். லியோனில் இருந்து ஒருத்தி: முதல் அல்பம் குளிக்கிற அறையில் பாடினது, இதுதான் மேடையில் பாடினது. துலூசில் இருந்து ஒருவன்: இதைக் கேட்டு ஆடலாம், அதைக் கேட்டு அழத்தான் ஏலும். ஒசாக்காவில் இருந்து ஒருவன்: எல்லாம் நல்லாய் இருக்கு, ஆனால் மூச்சு எடுக்கிற சத்தத்தைக் காணேல்லை.

குலசேகரம் கரண்டியால் தட்டில் ஓங்கி அடித்தார். "பாத்தீங்களே! யப்பான்காரனே சொல்லிப்போட்டான். அந்த ஒசாக்காப் பொடியனுக்கு ஒரு பார்சல் ரோல்ஸ் அனுப்ப வேணும்!"

பின்பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி புனிதவதியின் குரல் வந்தது. "இஞ்சாருங்கோ, எனக்கு ரெண்டும் ஒண்டுதான். வடை கருகுது."

வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே குலசேகரம் தீர்ப்புச் சொன்னார். "பழசில எங்களைக் கூப்பிடுறாங்கள். புதுசில கூப்பிடேல்லை. கதை முடிஞ்சுது."

லூசியன் பால்தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. பழசுலயும் அவங்க ஒங்கள கூப்பிடல. அது அண்ணா இல்ல. யப்பான்காரன் எதுக்குத் தமிழ்ல பாடப்போறான்?"

கடையில் பார்சலுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குலசேகரம் நிரோஜினியைப் பார்த்தார். நிரோஜினி கூரையைப் பார்த்தாள். அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்ட நாளே அவளுக்கு அர்த்தம் தெரியும். சொல்லப்போனவளின் வாய்க்குள் அன்றைக்கு ஒரு சூடான ரோல்ஸை வைத்துவிட்டு அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அதன்பிறகு சொல்வதற்கு நல்ல நேரம் வாய்க்கவே இல்லை.

"என்னைக் கேளாதேங்கோ" என்றாள். "வாற மாதம் அவையள் பாரிசுக்குப் பாட வருகினம். அவையளையே கேளுங்கோ."

அங்கேயே பந்தயம் முடிவாயிற்று. அது அண்ணாதான் என்றால், பழைய அல்பம்தான் சிறந்தது என்று லூசியன் மத்தியானக் கூட்டத்தின் முன் எழும்பி நின்று சொல்லவேண்டும். இல்லையென்றால், மத்தியானத்தில் அந்தச் சீடி இனி ஓடாது.

லா சப்பலுக்கு இதைவிட நல்ல செய்தி அந்த மாரி முழுக்கக் கிடைக்கவில்லை. "என்ன யப்பான் அண்ணை, தம்பிமார் வருகினமாம்?" என்று சேலைக்கடையிலிருந்து சத்தம் போட்டார்கள். சார்செல்லில் இருந்து ரயிலேறி வரும் ஆட்கள்கூடக் கடை வாசலில் தலையை நீட்டி, "அது அண்ணாவோ, இல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். குலசேகரம் எல்லாருக்கும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார். ஆனால் ஒருநாள் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அது அண்ணா இல்லாட்டில்?" என்று மனைவியைக் கேட்டார்.

"இல்லாட்டில் என்ன? ரோல்ஸ் வேகாதே?"

"ரோல்ஸ் வேகும்."

"பிறகென்ன? நாள் முழுக்க எத்தினை பேர் உங்களை அண்ணை, அண்ணை எண்டு கூப்பிடுகினம்!"

"அது வியாபார அண்ணை, புனிதம். ரோல்ஸ் வாங்க வாறவன் வேறை என்னெண்டு கூப்பிடுவான்?"

புனிதவதிக்குப் புரிந்தது. குலசேகரம் ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் அவருக்கு மேலே ஆறு பேர், கீழே ஒருவரும் இல்லை. டேய், தம்பி, சின்னவன், இங்கை வா, அங்கை போ என்றுதான் வளர்ந்தார். ஒன்றும் வாங்காமல், ஒன்றும் கேட்காமல் அவரை அண்ணா என்று கூப்பிட்டது அந்தச் சீடி ஒன்றுதான். அவள் மாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மிச்சத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ரிப்பப்ளிக் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கச்சேரி நடந்தது. குலசேகரம் கல்யாணவீட்டுக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். சுற்றிவர நீலத் தலைமயிரும் பச்சைத் தலைமயிருமாகப் பிரெஞ்சுப் பொடியன்களும் பெட்டைகளும் குதித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லூசியன், அந்தப் பக்கம் நிரோஜினி. ஐந்து பேரும் மேடைக்கு வந்தார்கள். தவில் அவர் நினைத்ததுபோல ஆள் கட்டை இல்லை. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, வங்கியில் வேலை பார்ப்பவன் மாதிரி இருந்தான். அந்த மூன்றாவது பாட்டைப் புது அல்பத்தில் உள்ளபடி மிசின் வேகத்தில்தான் பாடினார்கள். 'அண்ணா நீ' வந்த இடத்தில் குலசேகரத்தின் கை உயரப் பார்த்தது. அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

முடிந்த பிறகு, பக்கத்துக் கதவடியில் ரசிகர்கள் வரிசையாக நின்றார்கள். வெளியே பல் கிட்டும் குளிர். பாடகர்கள் வேனில் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் நின்று கையெழுத்துப் போட்டார்கள். தவில் இவர்களிடம் வந்தபோது நிரோஜினி யப்பான் மொழியில் கேட்டாள். அவன் கவனமாகக் கேட்டு, சுருக்கமாகப் பதில் சொன்னான். அவள் குலசேகரத்தின் முகத்தைப் பார்க்காமல், அவருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"'அவ்வளவு' எண்டுதான் அர்த்தமாம், மாமா. 'அவ்வளவு சிரிச்சோமே' எண்டு பாட்டில வரும். அண்ணா இல்லை."

மண்டபத்திலிருந்தே சிரிப்பைத் தயாராக வைத்திருந்த லூசியனுக்கு அது வரவில்லை. "கேக்கறதுக்கு அப்படித்தாங்க இருக்கு. யாருக்கும் அப்படித்தான் கேக்கும்" என்றார்.

"வேண்டாம், லூசியன்" என்றார் குலசேகரம். "தோத்தது தோத்ததுதான். நாளையிலையிருந்து மத்தியானத்தில பாட்டு இல்லை."

தவில் போகாமல் நின்று, இவர்களுடைய முகத்தை மாறி மாறிப் பார்த்தான். நிரோஜினியிடம் என்னவோ கேட்டான். அவள் நீளமாகச் சொன்னாள். நடுவில் அண்ணா என்ற சொல் இரண்டு தரம் வந்தது. அவள் கையால் எண்ணெய்ச்சட்டியைக் காட்டினாள், கண்ணை மூடி நிற்பதைக் காட்டினாள், உயரும் கையையும் காட்டினாள். அவன் சிரிப்பான் என்று குலசேகரம் நினைத்தார். அவன் சிரிக்கவில்லை. பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தான். குளிர் காற்றை உள்ளே இழுத்தான், இழுத்த சத்தம் கேட்டது. இரண்டு கைகளையும் குலசேகரத்தின் பக்கம் நீட்டி, பழைய அல்பத்தில் வருவதுபோல மெதுவாக, நிறுத்தி, பாடினான்.

"அண்ணா... நீ..."

பாடி முடித்த வாயிலிருந்து ஆவி பறந்தது. பொடியனின் ஜாக்கெட் வயிறுவரைக்கும் திறந்து கிடந்தது. கழுத்தில் ஒரு துணிகூட இல்லை.

குலசேகரம் ஓரடி முன்னே வந்தார். குனிந்து, அந்த ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்து, தொண்டை மூடும்வரைக்கும், தாடை வரைக்கும் மேலே இழுத்துவிட்டார்.