தரையில் இருந்து பூசை கண்டவர்கள்

லண்டன் லூயிஷாமில் ஒரு பழைய ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். நான் கத்தோலிக்கச்சி. ஆகவே அங்கே எனக்குச் செபம் இல்லை, சம்பளம் மட்டும்தான். அதன் சுவரில் இருக்கும் பளிங்குக் கல்லைப் பல வருடங்கள் துடைத்தும் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்ததில்லை.

புதிதாக வந்த பெண் பாதிரியார் வாசித்தார். அமெரிக்கா இங்கிலாந்தின் கீழ் இருந்த காலத்தில் வெர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்தவர் ஒருவரின் நினைவுக்கல் அது. பக்திமான், ஏழைகளுக்கு இரங்கியவர், தன் அடிமைகளையும் கர்த்தரிடம் கொண்டுவந்தவர் என்றெல்லாம் பொறித்திருந்தது. பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைக்க வேண்டும் என்று குழு அமைத்தார்கள். ஆறு பேரும் வெள்ளைக்காரர். பார்த்தபோது அவர்களுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். வாளியோடு போன என்னைக் கூப்பிட்டு ஏழாவது ஆளாக இருத்தினார்கள்.

குழுவில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் சொன்னபடி, அந்தத் தோட்ட முதலாளிகளுக்கு ஒரு பயம் இருந்ததாம். ஞானஸ்நானம் பெற்றவரை அடிமையாக வைத்திருக்கலாமா? அதனால் ஞானஸ்நானம் கொடுக்கவே தயங்கினார்களாம். கடைசியில் வெர்ஜீனியாவில் சட்டமே போட்டார்கள்: ஞானஸ்நானம் கொடுத்தாலும் அடிமை அடிமைதான். அதன் பிறகு நிம்மதியாக வேதம் சொல்லிக் கொடுத்தார்களாம். ஆலயத்தில் அடிமைகளுக்குப் பின்னாலோ மேல்மாடியிலோ தனி இடம். குழுவில் எல்லாரும் தலையில் கைவைத்தார்கள். நானும் வைத்தேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் கையை எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பாவுக்கும் புகையிலைத் தோட்டம் இருந்தது. அதில் வேலை செய்தவர்களும் எங்களைப் போல ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். கோயிலில் நாங்கள் முன்னால் வாங்கில், அதாவது பெஞ்சில், இருந்தோம், அவர்கள் பின்னால் தரையில் இருந்தார்கள். நாங்கள் நன்மை, அதாவது நற்கருணை, எடுத்து முடித்த பிறகுதான் அவர்கள் எழும்பி வருவார்கள். எங்களுக்கு அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

பலகை திறக்கும் நாளில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கோயிலிலும் ஒரு பகுதியார் தரையில் இருந்துதான் பூசை கண்டார்கள் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். மேலே சொல்ல வாயெடுப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். சரித்திர ஆசிரியை அழுதே விட்டார். பாதிரியார் என் இரண்டு கைகளையும் பிடித்து, எவ்வளவு பட்டிருப்பீர்கள் என்றார். தரையில் இருந்தவள் நான் என்று நினைத்துவிட்டார்கள் என்பது அப்போது விளங்கியது. திருத்தியிருக்கலாம். கேக் வந்தது.

பலகைக்கு மேலே விளக்குப் பூட்ட வந்தவர் ஏணியருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிரான்சிலிருந்து இங்கே வந்து மின்வேலை செய்கிறவர், ஞாயிறுகளில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருபவர். அந்த வேலைக்கு அவரைச் சொல்லிவிட்டதே நான்தான். லண்டனில் நாங்கள் சாதி பார்ப்பதில்லை, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்போம். அவர் என் ஊர்தான். எந்தப் பக்கம் என்பதும் எனக்குத் தெரியும்.

வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அக்கா, நீங்கள் வாங்கில இருந்தனீங்கள் எண்டதைச் சொல்லேல்லையே?"

மறந்துபோனேன் என்றேன். அவர் ஏணியை மடித்தார்.

இரண்டு நாள் அந்தப் பலகையைத் துடைக்காமல் விட்டேன். மூன்றாம் நாள் பாதிரியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். எவ்வளவு துணிச்சல் என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். வாங்கில் இருந்தாலும் பாராட்டு, தரையில் இருந்தாலும் பாராட்டு. அந்தக் கோயிலில் என்னால் குற்றவாளியாக முடியவில்லை.

மின்வேலைக்காரருக்குப் போன் எடுத்து, சொல்லிவிட்டேன் என்றேன்.

"வெள்ளைக்காரிக்குச் சொல்லுறது சுகம்," என்றார் அவர். "எங்கட ஆக்களுக்கு முன்னால சொல்ல ஏலுமோ?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். தமிழ்ப் பங்கின் திருநாள் ஏற்பாட்டுக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். தரையில் இருத்தியவர்கள் நாங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். யாரும் கைதட்டவில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதெல்லாம் பழைய கதை, இப்ப ஆர் பாக்கினம் என்றார். பிறகு சாப்பாட்டுக்கு ரோல்ஸா பற்றிஸா என்ற விஷயத்துக்குப் போய், அதில் முக்கால் மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். நான் திரும்பக் கதிரையில் இருந்ததும், பக்கத்தில் இருந்த என் மச்சாள் தன் கைப்பையை மற்றப் பக்கம் மாற்றி வைத்தாள்.

வெளியே கார் தரிப்பிடத்தில் மின்வேலைக்காரர் நின்றார். நன்றி சொல்வார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். மழை வரப்போகுது, ஏறுங்கோ என்றார். போகிற வழியில் அவர் வீட்டில் இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். தரையில் இருந்தவர்களின் வீடொன்றில் எங்கள் குடும்பத்தில் எவருமே இதுவரை வாய் நனைத்ததில்லை. ஏதோ பெரிய காரியம் செய்கிறவள் போலக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவருடைய மனைவி, சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று கேட்டுவிட்டு, அடுப்பில் இருந்த கறியைப் பார்க்கப் போய்விட்டார்.