மூட்டைக்கு அடித்த காற்று

ஒரத்தநாடு ரோட்டில் பைக் மெக்கானிக் வேலை பார்த்தே தலைமுடியைத் தொலைத்தவன் நான். பள்ளிக்கூடம் போனதில்லை, நம்பர் மட்டும் படிப்பேன். புதிதாக ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்கு, நான் விழுந்த கதையைச் சொல்கிறேன்.

அறுவடைச் சமயம். விவசாயி கோவிந்தராசு அண்ணன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். கூடவே மகள், ஏழு மாதக் கர்ப்பிணி. தஞ்சாவூருக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற வழியில் வண்டி வழுக்கியதாம்.

"பிரேக்கப் பாருப்பா. புள்ளைய வச்சிக்கிட்டுப் போவணும்."

பிரேக்கை டைட் வைத்தேன். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, காற்று ஜோராக இருக்கிறது என்று சர்டிபிகேட்டும் கொடுத்தேன். ட்ரையல் பார்க்க நானே ஓட்டினேன், கொஞ்சம் ஸ்டைலாக.

எங்கள் பக்கம் அறுவடை வந்தால் தார்ரோட்டில் பாதி, நெல் காயவைக்கிற களம்தான். நெல் ஓரத்தில் சக்கரம் ஏறியதும் பிரேக்கைத் தொட்டேன். அடுத்து நான் பார்த்தது வானத்தை. வாய் நிறைய நெல்.

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா விளக்குமாற்றோடு வந்தார். "ஏன்யா, நெல்லு காயப்போட்டது நீ படுத்துப் பொரளவா?"

சிரித்துக்கொண்டே எழுந்தேன். பட்டறை வாசலில் அண்ணன் மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பின்சீட்டில் அவள் இருந்திருந்தால்? வண்டியை நிமிர்த்தி, பட்டறைக்கே உருட்டி வந்தேன்.

காற்றை அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்தேன். முன்டயரில் 48, பின்டயரில் 55. டயர் சூட்டுக்குக் கொஞ்சம் ஏறும்தான், அதற்காக இவ்வளவா?

"நேத்து கொள்முதல் நெலையத்துக்கு மூட்ட ஏத்துனேன். பாரம் தாங்கணுமேன்னு ரெண்டுலயும் கல்லு மாதிரி அடிக்கச் சொன்னேன்" என்றார் அண்ணன்.

மூட்டை இறங்கிவிட்டது, காற்றை யாரும் இறக்கவில்லை. விறைத்த டயர் ரோட்டைத் தொடுவதே கொஞ்சம். நெல்மேல் எங்கே பிடிக்கும்?

சரியான அளவு செயின் கவர் ஸ்டிக்கரில் இருக்கும். அதன்மேல் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் காய்ந்து கிடந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். முன்னால் 25. பின்னால் ஒருவருக்கு 28, இருவருக்கு 32. சூட்டோடு அளந்தால் தப்பாகக் காட்டும் என்று வண்டியை நிழலில் ஆறவைத்து, 25-ம் 32-ம் வைத்தேன்.

"அப்பா, நான் பஸ்ல வர்றேன்" என்றாள் மகள். அண்ணன் தலை கவிழ்ந்தது.

"மொதல்ல நான் ஏறிக்கிறேம்மா" என்று முழங்கை எரிச்சலோடு பின்சீட்டில் உட்கார்ந்தேன். அதே நெல் ஓரமாக அண்ணன் மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பினார். வண்டி வழுக்கவில்லை. பிறகுதான் அவள் ஏறினாள். விளக்குமாற்றுக்கார அம்மா நெல்லை ஒதுக்கி வழி விட்டார்.

அதிலிருந்து யார் காற்றடிக்க வந்தாலும் முதல் கேள்வி, "பின்னாடி யாரு உக்காருவாங்க?" நீங்களும் கேளுங்கள். போன வாரம் ஒரு காலேஜ் தம்பி வெளிறிப்போய், "வீட்டுல சொல்லிடாதீங்கண்ணே" என்றான். எனக்கு வேண்டியது பாரம் எவ்வளவு என்பது மட்டும்தான்.