குருசுக்குப்பத்தில் வட்டமாக உட்கார்ந்தோம்

2007 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். புதுச்சேரி அறுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மாமா ஜெயபால் ஒருவருக்குத் தீங்கு செய்திருந்தார். அதைப் பேசித் தீர்க்கும் கூட்டத்தில் அவர் தரப்பு ஆளாக உட்காரப் போனேன்.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். குருசுக்குப்பத்தை ஒட்டிய தன் வீட்டு மாடியை மூசா என்ற மாணவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மூசா ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்காரர், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். தீபாவளி சமயம் மாமாவின் செல்போன் காணாமல் போனது. "அந்தக் கறுப்பன்தான் எடுத்திருப்பான்" என்று தெரு முழுக்கச் சொல்லி, போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டார். மூசாவை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் அந்த போன் மாமாவின் ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளேயே கிடைத்தது. அதற்குள் மூசா வீட்டைக் காலி செய்திருந்தார்.

எட்டரைக்கு அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டினோம். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன்.

"குருசுக்குப்பமா? முப்பது ரூபா குடு சார். யாரு வூட்டுக்கு?"

சொன்னேன்.

"ஓ, ஆப்பிரிக்காக்காரன் செல்லு திருடுனானே, அந்த வூடா?"

கடற்கரைப் பக்கம் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பத்து மணி. ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. வட்டமாக ஐந்து நாற்காலிகள், நடுவில் மேசைகூட இல்லை. மூசா, அவருடைய வகுப்புத் தோழர் குமரன், மாமா, நான், கூட்டத்தை நடத்தும் ஸ்டெல்லா டீச்சர். ஓய்வுபெற்ற ஆசிரியை, பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவர். இரண்டு முறை முடியாது என்று சொன்ன மூசாவை மூன்றாம் முறை போய்ப் பேசி வரவைத்தவர். அவர் கையில் ஒரு சங்கு இருந்தது. அதை வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

சங்கை மூசா முதலில் வாங்கினார். பிரெஞ்சில் மெதுவாகப் பேசினார். டீச்சரின் தமிழ் எனக்கு வந்து சேருவதற்கு முன்பே மாமாவின் முகம் மாறியது.

"ஸ்டேஷன்ல யாரும் அடிக்கல. ஆனா அதுக்கப்புறம் டீக்கடை பெஞ்சுல நான் உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போறாங்க. எங்கம்மா போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்றேன்."

சங்கு மாமாவிடம் வந்தது. "பட்டாளத்துல சேந்த மொத நாளு பக்கத்துக் கட்டில்காரன் கட்டில நவுத்திப் போட்டுக்கினான். நான் கறுப்புன்னு. இத என் பொஞ்சாதிகிட்டகூடச் சொன்னதில்ல."

டீச்சர் அதை மூசாவுக்குப் பிரெஞ்சில் சொன்னார். மூசா சங்குக்காகக் கை நீட்டினார்.

"அப்ப இது எப்படி வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சீங்க."

குமரன் தரையைப் பார்த்தார். மாமா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"ஆமா. தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றார்.

அடுத்தது நான். மாமா நல்ல மனிதர் என்று சொல்வதற்குத் தயாராக வந்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "மாமா அன்னைக்கு போன்ல சொன்னப்போ, அவனுங்களே அப்படித்தான்னு சொல்லிச் சிரிச்சேன். எங்க ஆபீஸ்லயும் இத ஒரு கதையாச் சொன்னேன். போன் கிடைச்சத மட்டும் யார்கிட்டயும் சொல்லல." சங்கை டீச்சரிடம் கொடுத்தேன்.

கடைசிச் சுற்றில் மாமா மூசாவின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு, "பர்தோன்" என்றார்.

மூசா போதாது என்பதுபோல் தலையை ஆட்டினார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "திருடன் தமிழ்ல சொன்னீங்க. இதுவும் தமிழ்ல சொல்லுங்க. தெருவுல சொல்லுங்க."

"மன்னிச்சிடுப்பா" என்றார் மாமா. "தெருவுலயும் சொல்றேன்."

மாலை நான்கரைக்கு நாங்கள் ஐந்து பேரும் அந்த டீக்கடைக்கு நடந்தோம். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மாமா அவர்களுக்கு முன்னால் போய் நின்று சொன்னார். "இந்தத் தம்பி என் செல்ல எடுக்கல. என் வண்டியிலயே இருந்துச்சி. நாந்தான் அநியாயமா திருடன்னு சொல்லிட்டேன். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுக்கப் போறேன்."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "என்னா சார் இது! போன வாரங்கூட நாலு பேருகிட்ட சொல்லிக்கினு இருந்தனே." பிறகு மூசாவைப் பார்த்து, "உக்காருப்பா. நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றார். பெஞ்சிலிருந்த பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். மூசா உட்கார்ந்தார். யாரும் எழுந்து போகவில்லை.

மாடி காலியாகவே இருக்கிறது, திரும்பி வரலாமே என்று மாமா கேட்டார். "இப்ப வேணாம்" என்றார் மூசா. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வரேன்" என்றார்.

மறுநாள் மதியம் நான் சிதம்பரம் திரும்பினேன். எங்கள் ஊர் டீக்கடையில் வெளிநாட்டுக்காரர் யாரும் உட்காருவதில்லை. அதனால் எங்களிடம் எழுந்துபோகும் அந்த வியாதி இல்லை என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆபீசில், அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த நான்கு பேரையும் கூப்பிட்டு, மிச்சத்தைச் சொன்னேன். ஒருவர், "இத ஏன்யா இப்ப சொல்ற?" என்றார். இரண்டு பேர் வேலைக்குத் திரும்பினார்கள். நான்காமவர் மட்டும் என் மேசையருகே நின்றார்.

"அந்தப் பையன் பேரு என்னன்னு சொன்னீங்க?"

"மூசா" என்றேன்.